பூனை முன்பே வெளியேதான் இருந்தது

கேள்வி இது. ஒரு நிறுவனத்தின் தலைவர் பேட்டி ஒன்றில், ஊருக்கே தெரிந்த, ஆனால் நிறுவனம் இதுவரை மறுத்து வந்த ஒரு விஷயத்தைத் தன்னை மறந்து சொல்லிவிட்டார். அதை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்த நண்பர் ஒருவர் 'ஹி லெட் தி கேட் அவுட் ஆஃப் தி பேக்', அதாவது பையிலிருந்து பூனையை வெளியே விட்டுவிட்டார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆசிரியர் அதை அடித்துவிட்டு, 'பூனை ஏற்கெனவே வெளியேதானே திரிகிறது?' என்று ஓரத்தில் குறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். அப்படியானால் சரியான மரபுத்தொடர் எது, நான் எழுதியதில் என்ன தப்பு என்று நண்பர் கேட்கிறார்.

ஆசிரியர் கொஞ்சம் குறும்புக்காரர் போலிருக்கிறது, ஆனால் நியாயம் அவர் பக்கம்தான். நீங்கள் தேடும் தொடர் 'சேயிங் தி கொயட் பார்ட் அவுட் லவுட்'. மெதுவாகச் சொல்ல வேண்டிய பகுதியை உரக்கச் சொல்லிவிடுவது என்று பொருள். அவசரத்துக்கு இவ்வளவு போதும். ஆனால் பூனை ஏன் பொருந்தாது, இது ஏன் பொருந்தும் என்பதில்தான் சுவாரசியமே இருக்கிறது. முப்பது வருடமாக இரண்டு மொழிகளுக்கு நடுவில் சுமை தூக்குகிறவன் என்ற முறையில் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் பூனை. பையிலிருந்து பூனையை வெளியே விடுவது என்றால், அந்த நிமிடம் வரை யாருக்கும் தெரியாத ரகசியத்தை வெளியே சொல்லிவிடுவது. தோழிக்கு ரகசியமாகப் பிறந்தநாள் விருந்து ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அவளிடமே ஒருத்தி 'ஞாயிற்றுக்கிழமை என்ன புடவை கட்டப் போறே?' என்று கேட்டுவிட்டாள். இது பூனை. தோழிக்குப் புதிதாக ஒரு செய்தி கிடைத்துவிட்டது. அச்சில் இந்தத் தொடருக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்று 1760-ல் லண்டன் மேகசின் என்ற இதழில் வந்த ஒரு புத்தக மதிப்புரை. நூலாசிரியர் பூனையைப் பையைவிட்டு வெளியே விடாமல் இருந்திருக்கலாமே என்று மதிப்புரைக்காரர் அலுத்துக்கொள்கிறார்.

அந்தப் பை எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு கதைகள் உலவுகின்றன. சந்தையில் பன்றிக்குட்டி என்று சொல்லிச் சாக்கில் பூனையைக் கட்டி விற்பார்களாம். வீட்டுக்குப் போய்ச் சாக்கைப் பிரித்தால் குட்டு வெளிப்படுமாம். இன்னொரு கதை கப்பலில் நடக்கிறது. பிரிட்டிஷ் கடற்படையில் மாலுமிகளை அடிக்க 'கேட்' என்று பெயர் வைத்த ஒன்பது வால் சவுக்கு இருந்தது, அதைப் பையிலிருந்து எடுப்பதுதான் இது என்பார்கள். சவுக்குக் கதை எனக்கு ஒட்டவே இல்லை. சவுக்கை உருவுவதில் எந்த ரகசியம் வெளிப்படுகிறது? பன்றிக்குட்டிக் கதையிலும் ஓட்டை உண்டு. மியாவ் என்று கத்தும் சாக்கைப் பன்றி என்று நம்பி வாங்குகிறவன் எப்படிப்பட்ட விவசாயி? ஆனாலும் ஐரோப்பிய மொழிகள் பல இந்தப் பூனை மோசடியை நினைவில் வைத்திருக்கின்றன. பார்க்காமல் பொருள் வாங்குவதை ஜெர்மன்காரர்கள் 'சாக்கில் பூனை வாங்குவது' என்கிறார்கள், டச்சுக்காரர்களும் அப்படியே. முயல் என்று சொல்லிப் பூனையைக் கொடுப்பது ஸ்பானிய மொழியில் ஏமாற்றுக்குப் பெயர். ஜெர்மனில் ரகசியத்தைச் சொல்லிவிடுவதும் சாக்கிலிருந்து பூனையை விடுவதுதான். ஆகச் சந்தைக் கதை நிரூபணம் ஆகாவிட்டாலும் முற்றிலும் ஆதாரமில்லாதது என்று தள்ளிவிட முடியவில்லை.

சரி, நண்பர் ஏன் பூனையிடம் போனார்? எனக்குப் புரிகிறது, தப்பு அவர் மேல் இல்லை. நம் ஊர் மேடையிலும் பத்திரிகையிலும் 'பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது' என்று அடிக்கடி கேட்கிறோம். ஆங்கிலப் பூனை தமிழுக்கு வந்தபோது குட்டியாக மாறியதோடு நிற்கவில்லை, குணமும் மாறிவிட்டது. எதிர்க்கட்சிக்காரர் இதைச் சொல்லும்போது 'இது எனக்கு இப்போதுதான் தெரிந்தது' என்று அவர் சொல்லவில்லை. 'நான் அப்போதே சொன்னேன் அல்லவா, இதோ அவர்கள் வாயாலேயே வந்துவிட்டது பாருங்கள்' என்கிறார். முன்பே சந்தேகப்பட்டதற்குக் கிடைத்த ஒப்புதல்தான் தமிழ்ப் பூனைக்குட்டி. நீங்கள் அந்தக் குட்டியை மனதில் வைத்துக்கொண்டு ஆங்கிலப் பூனையைப் பிடித்துவிட்டீர்கள். இரண்டும் வேறு வேறு பிராணிகள்.

இனி 'கொயட் பார்ட்'. எந்தத் தாத்தா எந்தச் சந்தையில் சொன்னது என்றெல்லாம் தேட வேண்டியதில்லை. இது நம் காலத்தில் பிறந்தது. 1995 மார்ச்சில் ஒளிபரப்பான 'தி சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் ஒரு பகுதி. ஊரில் திரைப்பட விழா நடக்கிறது. ஊர்ப் பணக்காரர் தன்னைத் தானே புகழ்ந்து ஒரு படம் எடுத்து, நடுவர்களுக்கு லஞ்சம் கொடுத்திருக்கிறார். நடுவர்களில் ஒருவர் கிரஸ்டி என்ற கோமாளி. இந்தப் படத்துக்கு எப்படி ஓட்டுப் போட்டாய் என்று கேட்கிறார்கள். அவர் பதில் ஒரு சொல் விளையாட்டு. தமிழில் அதைக் கொண்டுவர எனக்குத் தெரிந்த வழி இது: 'அந்தப் படம் என்னை எங்கேயோ கொண்டு போய்விட்டது' என்று அடக்கமாக ஆரம்பிக்கிறார், அப்புறம் குரலை உயர்த்தி 'ஒரு பெரிய வீட்டுக்கு!' என்கிறார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, மெதுவாகச் சொல்ல வேண்டியதை உரக்கவும் உரக்கச் சொல்ல வேண்டியதை மெதுவாகவும் சொல்லிவிட்டேனே என்று புலம்புகிறார்.

அந்தப் புலம்பலின் பாதியைப் பிய்த்தெடுத்து, 'அவுட் லவுட்' என்ற பழைய சேர்க்கையை ஒட்டவைத்து, அமெரிக்க அரசியல் எழுத்தாளர்கள் ஒரு தொடர் ஆக்கிவிட்டார்கள். கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் அது எங்கும் பரவிவிட்டது. கார்ட்டூன் பார்க்காதவர்களும் சொல்கிறார்கள். ஒரு மரபுத்தொடர் வேரூன்றிவிட்டதற்கு அதுதான் அடையாளம்.

கிரஸ்டியின் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவன் லஞ்சம் வாங்கியிருப்பான் என்று கேட்டவர்களுக்கே தெரியும், அதனால்தான் கேட்டார்கள். அவன் சொல்லி யாருக்கும் புதுத் தகவல் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் சொன்னது யார்? மறைத்தாக வேண்டிய அதே ஆள். மூன்றாம் மனிதர் ஒருவர் எழுந்து 'இவன் காசு வாங்கியிருக்கிறான்' என்றால் அது குற்றச்சாட்டு, அதற்கு இந்தத் தொடர் பொருந்தாது. ராஜாவுக்குத் துணியே இல்லை என்று கத்திய சிறுவனுக்கும் பொருந்தாது. ஆண்டர்சன் 1837-ல் எழுதிய அந்தக் கதையில் சிறுவன் மறைப்பில் கூட்டாளி இல்லை, அவனிடம் மெதுவாகச் சொல்ல வேண்டிய பகுதி என்று எதுவும் இல்லவே இல்லை. ராஜாவே ஊர்வலத்தில் நின்று 'அட, குளிருது' என்று சொல்லியிருந்தால் சேர்த்துக்கொள்ளலாம்.

அரசியலிலிருந்து சுத்தமான உதாரணம் ஒன்று. 2012-ல் லிபியாவின் பெங்காசி நகரில் அமெரிக்கத் தூதர் உட்பட நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். அப்போது வெளியுறவுத் துறை ஹிலாரி கிளின்டனிடம் இருந்தது. 2014-ல் பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சி ஒரு சிறப்பு விசாரணைக் குழுவை அமைத்தது. உண்மையைக் கண்டறியவே குழு, அரசியல் நோக்கமே கிடையாது என்பதுதான் அவர்கள் உரக்கச் சொன்ன பகுதி. ஹிலாரியை அடுத்த அதிபர் தேர்தலுக்குள் கீழே தள்ளத்தான் இந்தக் குழு என்று ஜனநாயகக் கட்சியினர் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2015 செப்டம்பர் கடைசியில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டி. சபாநாயகர் பதவிக்கு அடுத்த ஆள் என்று எல்லாரும் நினைத்திருந்த கெவின் மெக்கார்த்தி, தன் கட்சியின் சாதனையை எடுத்துச் சொல்கிற உற்சாகத்தில், ஹிலாரியை யாரும் வெல்ல முடியாது என்று நினைத்தார்கள், நாங்கள் பெங்காசிக் குழுவைப் போட்டோம், இப்போது அவருடைய கருத்துக்கணிப்பு எண்கள் எங்கே இருக்கின்றன பாருங்கள் என்கிற பொருள்பட விளாசிவிட்டார்.

பெருமையடித்துக்கொள்ளும் வேகத்தில் வந்தது அது. இந்த வகை உளறலில் பாதி பெருமையில் பிறப்பதுதான். பத்து நாள்கூட ஆகவில்லை, அக்டோபர் 8 அன்று சபாநாயகர் போட்டியிலிருந்து விலகினார். விலகலுக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் அந்தப் பேச்சு தனக்கு உதவவில்லை என்று அவரே சொன்னார். அந்தப் பதவி கைக்கு வர 2023 வரை காத்திருந்தார். வந்த அதே ஆண்டு அக்டோபரில் போயும்விட்டது. அது வேறு கதை.

இப்படிப்பட்ட அரசியல் உளறலுக்குத் தனியாக ஒரு பெயரும் இருக்கிறது: 'கின்ஸ்லி கேஃப்'. கேஃப் என்றால் பிசகு. 1984-ல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆவதற்கு உட்கட்சித் தேர்தல்களில் போட்டியிட்டார் கேரி ஹார்ட். கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி இரண்டிலும் ஒரே நேரத்தில் பிரசாரம் செய்ய வேண்டியிருந்தது. கலிஃபோர்னியாக் கூட்டம் ஒன்றில் மனைவியோடு மேடையில் நின்றவர், இவளுக்குக் கலிஃபோர்னியா கிடைத்தது, எனக்கு நியூ ஜெர்சி என்று வேடிக்கையாகச் சொன்னார். மனைவி, இங்கே எனக்குக் கோலாக் கரடியைக் கையில் கொடுத்தார்கள் என்றார். எனக்கு அங்கே நச்சுக் கழிவுக் குப்பையின் மாதிரியைக் கொடுத்தார்கள் என்கிற மாதிரி ஹார்ட் பதில் சொன்னார். நியூ ஜெர்சியில் ரசாயனக் கழிவுக் குப்பைமேடுகள் இருந்தது அங்கே வாழ்கிறவர்களுக்கே தெரியும். தெரிந்தால் என்ன, ஓட்டுக் கேட்க வருகிறவன் சொல்லலாமா? ஹார்ட் கலிஃபோர்னியாவில் ஜெயித்தார், நியூ ஜெர்சியில் தோற்றார். அந்தச் சமயத்தில் மைக்கேல் கின்ஸ்லி என்ற பத்திரிகையாளர், அரசியல்வாதி பொய் சொன்னால் அது பிசகு ஆகாது, உண்மையைச் சொல்லிவிட்டால்தான் பிசகு, அதுவும் அவர் சொல்லக் கூடாத ஏதாவது வெளிப்படையான உண்மையை என்று எழுதினார். 'வெளிப்படையான' என்ற சொல்லை அவர் போட்டதுதான் முக்கியம். நண்பரின் கேள்விக்கும் அதே சொல்தான் சாவி.

அரசியலை விட்டு வணிகத்துக்கு வந்தால், பிரிட்டனில் இதற்கு ஒரு மனிதரின் பெயரையே வினைச்சொல் போலப் பயன்படுத்துகிறார்கள்: 'டூயிங் எ ராட்னர்'. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. ஏனென்றால் இதில் 'தெரியாமல் சொல்லிவிட்டார்' என்பதற்கு என்ன அர்த்தம் என்ற கேள்வியே தலைகீழாகிவிடுகிறது.

ஜெரால்ட் ராட்னர் மலிவு விலை நகைக்கடைச் சங்கிலி ஒன்றின் தலைவர். பிரிட்டனின் கடைத்தெருக்களில் எங்கு திரும்பினாலும் அவர் கடை இருந்தது. 1991 ஏப்ரல் 23, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால், நிறுவன இயக்குநர்களின் மாநாடு. ஆயிரக்கணக்கான தொழிலதிபர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் கடையில் ஷெர்ரி மது ஊற்றி வைக்கும் கண்ணாடிக் குடுவை, ஆறு கோப்பை, வெள்ளி முலாம் பூசிய தட்டு எல்லாம் சேர்த்து 4.95 பவுண்டுக்குத் தருகிறோம் என்றார். இவ்வளவு மலிவாக எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள், அது முழுக் குப்பை, அதனால்தான் என்று சொல்வேன் என்றார். அவர் சொன்ன ஆங்கிலச் சொல் குப்பையைவிடக் கொஞ்சம் நாற்றமானது. கூட்டம் சிரித்தது. தைரியம் வந்து இன்னொன்றும் விட்டார்: எங்கள் கடைத் தோடுகளில் சில மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரின் இறால் சாண்ட்விச்சைவிட மலிவு, ஆனால் சாண்ட்விச்தான் அதிக நாள் தாங்கும்.

மறுநாள் வெகுஜனப் பத்திரிகைகள் இதைக் கொட்டை எழுத்தில் போட்டன. நாடு பொருளாதாரச் சரிவில் இருந்த நேரம். ஒரு கோடீஸ்வரர் தன் ஏழை வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று செய்தி போனது. நிறுவனத்தின் சந்தை மதிப்பில் சுமார் 50 கோடி பவுண்டு கரைந்தது. 1992-ல் அவர் வெளியேற வேண்டியதாயிற்று. 1993-ல் நிறுவனம் ராட்னர் என்ற பெயரையே கழற்றிப் போட்டுவிட்டு சிக்னெட் என்று மாற்றிக்கொண்டது.

யோசித்துப் பாருங்கள். அந்தக் குடுவையை 4.95 பவுண்டுக்கு வாங்கியவருக்கு, அது அரண்மனைச் சாமான் இல்லை என்று தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் அதை யாரோ ஒருவருக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்திருப்பார். அந்தத் தோட்டைக் காதலிக்கு வாங்கிக் கொடுத்திருப்பான் ஒருவன். விலையைப் பற்றி வாங்குகிறவரும் விற்கிறவரும் வாய் திறக்காமல் இருந்தால்தான் பரிசு பரிசாக இருக்கும். ராட்னர் அந்த மௌன ஒப்பந்தத்தை உடைத்தார். இன்னொன்று, இந்த நகைச்சுவையை அவர் அதற்கு முன்பும் மேடைகளில் சொல்லியிருக்கிறார், ஒன்றும் ஆகவில்லை. வாக்கியம் அதேதான், கேட்கிற காது மாறியபோது அதன் விலை ஏறிவிட்டது. ஆக, வாய் தவறி அவர் எதையும் சொல்லவில்லை. எழுதி வைத்துத்தான் சொன்னார். அவர் உத்தேசிக்காதது, ஹாலுக்குள் சொன்னது ஹாலுக்கு வெளியேயும் கேட்கும் என்பதை மட்டும்தான்.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சொன்னால் ஏன் இவ்வளவு களேபரம்? ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பையன் சிகரெட் பிடிக்கிறான். அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். சட்டையைத் துவைக்கப் போடும்போது மூக்கு இருக்கிறதே. அவர்களுக்குத் தெரியும் என்று பையனுக்கும் உள்ளூரத் தெரியும். யாரும் பேசுவதில்லை, வீடு ஓடுகிறது. ஒருநாள் ராத்திரி கரண்ட் போகிறது. அம்மா இருட்டில் தீப்பெட்டி தேடுகிறாள். பையன் உதவுகிற ஆர்வத்தில் 'என் பேன்ட் பாக்கெட்ல லைட்டர் இருக்கும்மா, எடுத்துக்கோ' என்று சொல்லிவிடுகிறான். அந்த வினாடியில் யாருக்கும் புதிதாக எதுவும் தெரியவரவில்லை. ஆனால் இனி அப்பா தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்க முடியாது. ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

எல்லாருக்கும் தெரிவது வேறு, எல்லாருக்கும் தெரியும் என்பது எல்லாருக்கும் தெரிவது வேறு. இந்த இரண்டாவதற்குப் பொருளாதாரத்திலும் தத்துவத்திலும் பொது அறிவு என்கிற பொருளில் தனிக் கலைச்சொல் உண்டு. வேலைவாய்ப்புத் தேர்வுக்குப் படிக்கும் பொது அறிவு இல்லை இது. ராபர்ட் ஆமன் 1976-ல் இதற்குக் கணித வடிவம் கொடுத்தார். பின்னால் 2005-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர். கிரஸ்டியும் மெக்கார்த்தியும் ராட்னரும் அந்த லைட்டர் பையனும் செய்தது ஒன்றுதான்: முதல் வகையாக இருந்ததை இரண்டாம் வகையாக மாற்றிவிட்டார்கள். ஆங்கிலப் பூனையால் இந்த வேலையைச் செய்ய முடியாது. அதனால்தான் புதிதாக ஒரு தொடர் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன்.

பக்கத்து வீட்டுத் தொடர்கள் சில இருக்கின்றன, குழப்பிக்கொள்ளாமல் இருக்க அவற்றையும் பார்த்துவிடலாம். 'ஃப்ராய்டியன் ஸ்லிப்' என்பதைப் பலர் இங்கே இழுத்து வருகிறார்கள். அது நாக்குப் பிறழ்வது. ஒரு சொல்லுக்குப் பதில் வேறொரு சொல் வந்து விழுவது. உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்ட் 1901-ல் வெளியிட்ட ஆய்வில் காட்டும் உதாரணம் ஒன்று அருமையானது. ஆஸ்திரிய நாடாளுமன்றக் கீழவையின் தலைவர், போதிய உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள், ஆகவே கூட்டம் முடிவடைந்தது என்று அறிவித்துக் கூட்டத்தைத் 'தொடங்கி வைத்தார்'. இந்த நிகழ்ச்சியைப் பதிவு செய்தவர் மெரிங்கர் என்ற மொழியியலாளர். நாக்குப் பிறழ்வுகளைச் சேகரித்து 1895-லேயே புத்தகம் போட்டவர். எதிர்ச்சொற்கள் மனதில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒன்றுக்கு மற்றொன்று வருகிறது, அவ்வளவுதான் என்பது மெரிங்கர் பக்கத்து விளக்கம். இந்தக் கூட்டத்தால் நன்மை ஒன்றும் இல்லை, முடிந்து தொலைந்தால் தேவலை என்று தலைவர் உள்ளே நினைத்தார், அது வெளியே வந்துவிட்டது என்பது ஃப்ராய்ட். எனக்கு மெரிங்கரைத்தான் அதிகம் நம்பத் தோன்றுகிறது. ஆனால் நாடாளுமன்ற நடவடிக்கைகளை நேரடி ஒளிபரப்பில் பார்க்கும் நாளில் ஃப்ராய்ட் பக்கம் சாய்ந்துவிடுகிறேன்.

ஃப்ராய்டியன் ஸ்லிப்பும் கொயட் பார்ட்டும் ஒரே ஆளிடம் அடுத்தடுத்த நொடியில் நடந்ததும் உண்டு. 2022 மே மாதம் டல்லஸ் நகரில், உக்ரைன் போரைப் பற்றிப் பேசிய முன்னாள் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ், ஒரே மனிதர் எடுத்த முடிவால் நடந்த, எந்த நியாயமும் இல்லாத, கொடூரமான ஈராக் படையெடுப்பு என்று சொல்லிவிட்டு, உக்ரைனைச் சொன்னேன் என்று திருத்தினார். 2003-ல் ஈராக் மீது படை அனுப்பியவர் அவர். இதுவரை ஃப்ராய்டியன் ஸ்லிப். அப்புறம் தோளைக் குலுக்கி, 'ஈராக்கும்தான்' என்று முணுமுணுத்தார்; எழுபத்தைந்து வயது என்று சொல்லிச் சமாளித்தார். அந்த 'ஈராக்கும்தான்' இருக்கிறதே, அது நாக்குப் பிறழ்வு இல்லை. அதுதான் கொயட் பார்ட்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஸ்பில் தி பீன்ஸ்', அதாவது அவரை விதையைக் கொட்டுவது, அமெரிக்கச் சரக்கு. பூனையின் அதே பொருள்தான், கொஞ்சம் கொச்சை. பழைய கிரேக்கர்கள் அவரை விதை போட்டு வாக்களித்தார்கள், யாரோ குடத்தைத் தட்டிவிட்டார்கள் என்ற கதையை நம்பாதீர்கள். தொடர் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில்தான் தலைகாட்டுகிறது. கிரேக்கத்துக்கும் அதற்கும் நடுவில் இரண்டாயிரம் வருடம் காலியாக இருக்கிறது. 'கிவ் தி கேம் அவே' என்றால் திட்டம் என்ன என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுவது. முகமோ கையோகூட இதைச் செய்யலாம், பேச்சு அவசியம் இல்லை. 'டெட் கிவ்அவே' அப்படிக் காட்டிக்கொடுக்கும் தடயம். 'புட் யுவர் ஃபுட் இன் யுவர் மவுத்' என்பது சொல்லக்கூடாததைச் சொல்லி அசடு வழிவது. அங்கே உண்மை வெளிப்பட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கர்ப்பமில்லாத பெண்ணிடம் எத்தனை மாதம் என்று கேட்டால் அது இந்தக் கணக்கில்தான் வரும்.

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டிலிருந்து வரும் 'தி லேடி டத் ப்ரொடெஸ்ட் டூ மச்' என்ற தொடருக்குத் தமிழில் நேர் ஜோடி இருக்கிறது: எங்கப்பன் குதிருக்குள் இல்லை. மறுக்கிற அழுத்தமே காட்டிக்கொடுப்பது. இன்றைக்கு ஆங்கிலேயர்கள் 'ப்ரொடெஸ்ட்' என்றால் மறுப்பது என்று எடுத்துக்கொள்கிறார்கள், நாடகத்தில் அதற்குச் சத்தியம் செய்து உறுதி சொல்வது என்று பொருள். அது கிடக்கட்டும். நம் குதிர்க் கதை ஒரு பங்கு உயர்ந்தது என்பது என் கட்சி, ஏனென்றால் அதில் பையன் இடத்தையே சொல்லிவிடுகிறான். சில வருடம் முன்பு சென்னைப் புறநகரில் வீடு பார்க்கப் போயிருந்தேன். தரகர் கதவைத் திறந்ததும் நான் எதுவும் கேட்பதற்கு முன்பே சொன்னார்: 'தண்ணிப் பிரச்சினையே கிடையாது சார், காலையில ஆறு மணிக்கெல்லாம் லாரி வந்துரும்.' குதிரா, கொயட் பார்ட்டா என்று இன்னும் எனக்குத் தீர்மானமாகவில்லை. அந்தப் பகுதியில் தண்ணீர் கிடையாது என்று எனக்கும் முன்பே தெரியும் என்பதால் கொயட் பார்ட் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. கொயட் பார்ட் என்ற தொடர் இப்போது நகர்ந்துகொண்டிருக்கிறது. முன்பெல்லாம் வாய் நழுவினால் மட்டும் சொன்னார்கள். இன்று, மறைக்க வேண்டியதை வெட்கமே இல்லாமல் திட்டமிட்டே மைக்கில் சொல்கிற அரசியல்வாதியையும் இதே தொடரால் குறிக்கிறார்கள். ஆகவே உங்கள் வாக்கியத்தில் அவர் தன்னை மறந்துதான் சொன்னார் என்பது முக்கியமானால், 'இன்அட்வர்டென்ட்லி' என்றோ 'ஆக்சிடென்டலி' என்றோ ஒரு வினையடையைச் சேர்த்துவிடுங்கள். தொடர் மட்டும் அதைச் சொல்லும் என்று நம்பியிருக்க முடியாது. பூனையோடு அந்தப் பிரச்சினை இருந்ததில்லை.

எழுத்தின் தொனியும் பார்க்க வேண்டும். கொயட் பார்ட் என்பது பத்திரிகைப் பத்தி, அரசியல் விமர்சனம், நண்பர் பேச்சு இவற்றுக்கான தொடர். கேலி ஒட்டிக்கொண்டே வரும். நிறுவன அறிக்கையிலோ நீதிமன்ற மனுவிலோ போட்டால் விகாரமாக இருக்கும். அங்கே 'இன் அன் அன்கார்டட் மொமென்ட், ஹி அக்னாலெட்ஜ்டு', அசந்த நேரத்தில் ஒப்புக்கொண்டார் என்று சாதுவாக எழுதிவிட்டுப் போகலாம்.

கடைசியாக, இதே செய்தியைத் தமிழிலும் எழுதப்போவதாக நண்பர் சொல்லியிருந்தார். 'மெதுவான பகுதியை உரக்கச் சொன்னார்' என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். பாட்டுக் கச்சேரி விமர்சனம் என்று நினைத்துக்கொள்வார்கள். 'போட்டு உடைத்தார்' என்றால் வேண்டுமென்றே சொன்னார் என்ற வாடை வருகிறது. 'உளறிக் கொட்டினார்' என்றால் அர்த்தமில்லாமல் பேசினார் என்றும் ஆகிவிடும். மணலுக்குள் மறைந்து கிடக்கும் நுணல் தன் வாயால் கெட்ட பழமொழி அழகுதான், ஆனால் அந்தத் தவளை ஒளிந்திருப்பது பிடிக்க வந்தவனுக்கு அதுவரை தெரியாது. நம் கதையில் தவளை பாதையின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

எனக்குத் தெரிந்து இந்த வேலையைச் சரியாகச் செய்வது ஒரே ஒரு ஏகாரம்: 'தன் வாயாலேயே'. ஊருக்குத் தெரியும், அவர் மறுத்தார், இப்போது அவரே சொல்லிவிட்டார், இந்த மூன்றும் அந்த ஏகாரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. 'இத்தனை நாள் மறுத்துவந்ததைப் பேட்டியில் தன்னை மறந்து தன் வாயாலேயே சொல்லிவிட்டார்' என்று எழுதுங்கள். பூனைக்குட்டியைத் தலைப்பில் போட்டுக்கொள்ளலாம். தமிழில் அதற்கு அந்த உரிமை உண்டு.